எழுத்தை மூடிவிட்டுப் பாருங்கள்: அன்றாடப் பொருள்களின் படங்களை வாசிக்க ஒரு வழிகாட்டி

காலை ஐந்தரை மணிக்கு எங்கள் தெருமுனைப் பால் பூத்தில் யாரும் பாலின் பெயரைச் சொல்லி வாங்குவதில்லை. "ரெண்டு பச்சை, ஒரு நீலம்" என்பார்கள். பூத்துக்காரரும் மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுப்பார். ஆவின் பாக்கெட்டில் நீலத்துக்கு 3 சதவீதம் கொழுப்பு, பச்சைக்கு 4.5, ஆரஞ்சுக்கு 6 என்பது பல வருடப் பழக்கம். வரிசையில் நிற்கிறவர்களில் பலருக்கு இந்த எண்கள் தெரியாது. ஆனால் டீ கெட்டியாக வருவது எந்த நிறத்தில், தயிர் நன்றாக உறைவது எந்த நிறத்தில் என்பது எல்லோருக்கும் தெரியும்.

நான் லேபிளும் அட்டைப்பெட்டியும் வரைந்து பிழைப்பவன். சிவகாசி அச்சகங்களோடு பதினெட்டு வருடப் பழக்கம். ஒரு பொருளின் மேலிருக்கும் படமும் நிறமும் வடிவமும் நம்மிடம் என்ன சொல்கின்றன, அதில் எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்று வாசிக்க ஒரு முறை உண்டு. யார் வேண்டுமானாலும் பழகலாம். ஒரு அரை மணி நேரம், ஒரு பேனா, கொஞ்சம் காகிதம் போதும்.

முதல் படி: எழுத்தை மூடுங்கள்

வீட்டிலிருந்து ஐந்து பொருள்களை எடுத்து மேசையில் வையுங்கள். ஒன்று உணவுப் பொருள், ஒன்று சோப்போ ஷாம்புவோ, ஒன்று மருந்து, ஒன்று சுத்தம் செய்யும் திரவம், ஐந்தாவதாக ஒரு தீப்பெட்டி. எழுத்து இருக்கும் இடத்திலெல்லாம் சின்னக் காகிதத்தை ஒட்டி மறையுங்கள்.

இப்போது கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுதுங்கள். அர்த்தம் எழுதக் கூடாது. "தூய்மை" என்று எழுதியிருந்தால் அடித்துவிட்டு, "வெள்ளைப் பின்னணி, நடுவில் நீலத் துளி, துளியின் இடது பக்கம் ஒரு வெளிச்சப் பொட்டு" என்று எழுதுங்கள். கேட்க எளிது, செய்யும்போதுதான் சிரமம் தெரியும். படத்தைப் பார்த்து முடிப்பதற்குள் மனசு அர்த்தத்துக்குத் தாவிவிடும். அந்தத் தாவலை நம்பித்தான் எங்கள் தொழிலே நடக்கிறது.

தரை துடைக்கும் திரவம் ஒன்றுக்கு நான் எழுதிய பட்டியல் இது: பாதியாக வெட்டிய எலுமிச்சை ஒன்று, முழுசு ஒன்று, இலை இரண்டு, தெறிக்கும் தண்ணீர், பாட்டிலுக்குள் மஞ்சள் திரவம். அப்புறம் ஒரு எலுமிச்சைக் குளிர்பான பாட்டிலைப் பக்கத்தில் வைத்து எழுதினேன். பட்டியல் ஏறக்குறைய அதேதான். இதை ஞாபகத்தில் வைத்திருங்கள், பிறகு இதற்குத் திரும்பி வருகிறேன்.

இரண்டாம் படி: காரணமா, இடுகுறியா

பள்ளியில் இலக்கண வகுப்பில் படித்தது நினைவிருக்கலாம். பறப்பதால் பறவை, நான்கு கால் இருப்பதால் நாற்காலி: இவை காரணப்பெயர். மண், மரம் என்பவற்றுக்கு அப்படி ஒரு காரணம் சொல்ல முடியாது, முன்னோர் இட்டார்கள், நாம் வழங்குகிறோம்: இவை இடுகுறிப்பெயர். படங்களுக்கும் இதே பிரிவை வைத்துப் பாருங்கள். குறியியல் படித்தவர்கள் சார்ல்ஸ் சாண்டர்ஸ் பியர்ஸ் என்ற அமெரிக்கத் தத்துவ அறிஞரின் மூன்று பிரிவுகளைச் சொல்வார்கள்: உருவம் ஒத்திருப்பது, புகை நெருப்பைக் காட்டுவது போலத் தடயமாக நிற்பது, வழக்கத்தால் பொருள் பெற்றது. அதுவும் சரிதான். ஆனால் சமையலறை மேசைக்கு நம் இலக்கணத்தின் இரண்டே போதும்.

மிளகாய்த்தூள் பாக்கெட்டில் மிளகாய் இருப்பது காரணக்குறி. டம்ளர் மேல் மூன்று வளைகோடு போட்டால் சூடு, அதுவும் காரணக்குறி. தேங்காய் எண்ணெய் டப்பா நீலமாக இருப்பதற்குத் தேங்காயில் எந்தக் காரணமும் கிடையாது. தேங்காயில் நீலம் எங்கே இருக்கிறது? ஆனால் கடைக்காரர் கண் நீலத்தைப் பார்த்துப் பழகிவிட்டது. புதிதாக எண்ணெய் விற்க வருகிறவர் பச்சை டப்பா கேட்டால் நானே "வேண்டாம் சார், நீலம் போடுங்க" என்பேன்.

சுவாரசியமானவை இரண்டுக்கும் நடுவில் இருக்கின்றன. இலக்கணத்தில் காரண இடுகுறி என்று ஒன்று உண்டு. முக்கண்ணன் என்ற பெயருக்கு மூன்று கண் இருப்பது காரணம். ஆனால் மூன்று கண் உள்ள தேங்காயை யாரும் முக்கண்ணன் என்று கூப்பிடுவதில்லை. காரணத்தோடு பிறந்து, ஒன்றுக்கே ஆகிவந்த பெயர் அது. உங்கள் டிவியிலும் கணினியிலும் இருக்கும் பவர் பொத்தானைப் பாருங்கள். ஒரு வட்டம், அதன் உச்சியைப் பிளந்துகொண்டு ஒரு கோடு. கோடு 1, வட்டம் 0. 1 என்றால் மின்சாரம் ஓடுகிறது, 0 என்றால் நிற்கிறது. பழைய இயந்திரச் சுவிட்சுகளில் இரண்டும் தனித்தனியாக இருக்கும். ஒரே பொத்தான் இரண்டு வேலையும் செய்யத் தொடங்கியபோது கோடு வட்டத்துக்குள் ஏறிக்கொண்டது. இந்தக் கதை தெரியாமலே உலகம் முழுக்க அதை அழுத்துகிறார்கள். கணினியில் சேமிக்கும் பொத்தானில் இருக்கும் ஃபிளாப்பி என்ற பழைய சேமிப்புத் தட்டின் படமும் இப்படித்தான். என் மகள் ஃபிளாப்பியைக் கண்ணால் பார்த்ததில்லை, அவளுக்கு அந்தச் சதுரம் சுத்தமான இடுகுறி.

வேண்டுமென்றே காரணம் இல்லாமல் செய்த குறியும் உண்டு. மருத்துவமனைக் கழிவுப் பைகளில் மூன்று பிறைகள் பின்னிக்கொண்ட மாதிரி ஒரு வடிவம் இருக்கும். நோய்க்கிருமி அபாயத்துக்கு உலகம் முழுக்க அதுதான் அடையாளம். 1966-ல் அமெரிக்காவின் டவ் கெமிக்கல் நிறுவனத்தில் சார்ல்ஸ் பால்ட்வினும் உடன் இருந்தவர்களும் அதை உருவாக்கினார்கள். அவர்கள் வைத்துக்கொண்ட நிபந்தனை வேடிக்கையானது: பார்த்தால் மறக்கக் கூடாது, ஆனால் அதற்கு எந்த அர்த்தமும் இருக்கக் கூடாது. அப்படி இருந்தால்தான் பழைய அர்த்தம் எதுவும் குறுக்கே வராமல் புதிய அர்த்தத்தைச் சொல்லிக்கொடுக்க முடியும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சொல்லிக்கொடுக்கப்படாதவர் கையில் பொருள் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும்? கதிர்வீச்சைக் காட்டும் மூன்று இதழ்க் குறி 1946-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் பிறந்தது. படித்தவர்களுக்கே அது விசிறி மாதிரிதான் தெரியும். அதனால் 2007-ல் ஆபத்தான கதிர்மூலங்களின் மேல் வைக்க இன்னொரு குறியையும் சேர்த்தார்கள்: சிவப்பு முக்கோணத்துக்குள் இதழ்களிலிருந்து இறங்கும் அலைகள், ஒரு மண்டையோடு, ஓடுகிற மனிதன், ஒரு அம்புக்குறி. பாடம் படிக்காதவரும் "ஓடு" என்று புரிந்துகொள்ளட்டும் என்றுதான் அது வந்தது.

உங்கள் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் "கா" அல்லது "இ" என்று குறித்துக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தால் இரண்டும் போடலாம். "இ" போட்ட ஒவ்வொன்றுக்கும் அடுத்த கேள்வி: இட்டவர் யார்? இனி வரும் படிகள் எல்லாம் அந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

மூன்றாம் படி: நிறத்தைத் தனியாகப் படிக்காதீர்கள்

பச்சை என்றால் என்ன? "இயற்கை", "பாதுகாப்பு" என்று உடனே பதில் வரும். மூன்று இடங்களில் பார்ப்போம்.

பால் பாக்கெட்டில் பச்சை ஒரு கொழுப்பு அளவு, அவ்வளவுதான். பிஸ்கட் பாக்கெட்டில் பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் இருந்தால் அது சைவம். சத்தானது என்றோ சர்க்கரை குறைவு என்றோ அதற்குப் பொருள் இல்லை. சைவத்துக்கு உரிய பச்சைப் பொட்டை உடம்புக்கு நல்லது என்று படிக்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மூன்றாவது இடம் பூச்சிமருந்து டப்பா. இந்தியாவில் விற்கும் பூச்சிக்கொல்லிகளின் லேபிளில் முனையில் நிற்கும் ஒரு சதுரம் இருக்க வேண்டும். அதன் கீழ்ப்பாதி முக்கோணத்தின் நிறம் நஞ்சின் அளவைச் சொல்லும். சிவப்பு மிகக் கடுமையான நஞ்சு, மேல்பாதியில் மண்டையோடும் இருக்கும். அடுத்தது மஞ்சள், அதற்கடுத்தது நீலம், கடைசியில் பச்சை. இங்கே பச்சை என்றால் "இந்த வரிசையில் நஞ்சு குறைந்தது" என்று மட்டுமே பொருள், அதுவும் நஞ்சுதான். கையுறை இல்லாமல் தொடலாம் என்று அது சொல்லவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். போக்குவரத்து விளக்கில் சிவப்பு, மஞ்சள், பச்சை. நஞ்சு வரிசையில் நடுவே நீலம் நுழைகிறது. நீலத்தைப் பார்த்தவர்களுக்குத் தண்ணீர், வானம், குளிர்ச்சி என்றுதான் தோன்றும். நஞ்சின் நடுத்தர அளவு என்பதற்கு அந்த நிறத்தில் எந்த ஜாடையும் இல்லை. அச்சடிக்கிறவனாக எனக்கு இது கெட்ட தேர்வாகத்தான் படுகிறது. விவசாயிக்குக் கடைக்காரர் சொல்லாவிட்டால் யார் சொல்வார்கள்?

நிறத்தை மட்டும் நம்பினால் வரும் சங்கடத்துக்கு அசைவக் குறியே சாட்சி. முன்பெல்லாம் சைவம் பச்சை வட்டம், அசைவம் பழுப்பு வட்டம், வடிவம் ஒன்றுதான். பச்சையும் பழுப்பும் வேறுபடுத்த முடியாத பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு இரண்டும் ஒரே பொட்டு. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 லேபிள் விதிமுறைகளில் அசைவம் பழுப்பு முக்கோணமாக மாறியது. இப்போது கறுப்பு வெள்ளை நகலில்கூட வித்தியாசம் தெரியும். முட்டை கலந்திருந்தால் அசைவம், பால் கலந்திருந்தால் சைவம் என்பதும் இதே விதிமுறைதான். இதை மாட்டிடமோ கோழியிடமோ கேட்க முடியாது, இட்டவர் இட்டபடி.

நான்காம் படி: இட்டது சட்டமா, கடைக்காரரா

உங்கள் ஐந்து பொருள்களிலும் உள்ள சின்னச் சின்ன முத்திரைகளை மட்டும் இப்போது பாருங்கள். சில முத்திரைகளுக்குப் பின்னால் ஒரு அலுவலகமும் ஒரு எண்ணும் இருக்கும். சிலவற்றுக்குப் பின்னால் என்னைப் போன்ற ஒருவனும் ஒரு கணினியும் மட்டுமே. கண்டுபிடிக்க எளிய வழி, எண்ணைத் தேடுவது.

ஐஎஸ்ஐ முத்திரை உண்மையானால் மேலே ஒரு தர எண்ணும் கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். உரிம எண்ணை, இந்தியத் தர அமைப்பான பிஐஎஸ் வெளியிட்ட பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பார்க்கலாம். உணவுப் பொருளில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் குறியோடு 14 இலக்க எண். தங்க நகையில் ஹால்மார்க் முக்கோணம், 22 கேரட்டுக்கு 916 என்ற தூய்மை எண், அதோடு எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு எழுத்து அடையாளம். எண் இல்லாமல் முத்திரை மட்டும் இருந்தால் அது படம்தான், முத்திரை அல்ல.

பச்சை இலை ஒன்றை வட்டத்துக்குள் போட்டு "இயற்கை" என்று சுற்றி எழுதித் தரச் சொல்லி என்னிடம் மாதம் ஒருவராவது வருகிறார். ஐந்து நிமிட வேலை. இந்தியாவில் ஆர்கானிக் உணவுக்கென்று ஒரு அரசுக் குறி இருக்கிறது. அதற்குச் சான்றிதழ் வேண்டும். என் இலைக்கு எதுவும் வேண்டாம்.

பிளாஸ்டிக்கின் அடியில் இருக்கும் மூன்று அம்பு முக்கோணம் இரண்டுக்கும் நடுவே நின்று குழப்புகிறது. சுற்றிவரும் அம்புகளை 1970-ல் கேரி ஆண்டர்சன் என்ற கலிஃபோர்னிய மாணவர் ஒரு போட்டிக்காக வரைந்தார். காகித அட்டைப் பெட்டி செய்யும் நிறுவனம் நடத்திய போட்டி அது, மறுசுழற்சிக்கான குறி. 1988-ல் அமெரிக்க பிளாஸ்டிக் தொழில் சங்கம் அதே மாதிரி முக்கோணத்துக்குள் 1 முதல் 7 வரை எண்களைப் போட்டு, எந்த வகை பிளாஸ்டிக் என்று காட்ட வைத்துக்கொண்டது. 1 என்றால் தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் (PET) பிளாஸ்டிக், 5 என்றால் ஓட்டல் பார்சல் டப்பா செய்யும் பாலிபுரொப்பிலீன். எண்ணுக்கு உள்ள பொருள் அவ்வளவுதான். ஆனால் அம்புகள் "இதை மறுசுழற்சி செய்யலாம்" என்று கூசாமல் சொல்கின்றன. 2013-ல் அமெரிக்கத் தர அமைப்பு ஒன்று அம்புகளை எடுத்துவிட்டு வெறும் முக்கோணம் ஆக்கியும், பழைய அச்சுகள் போடும் டப்பாக்களில் அம்பு இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

இந்தப் படியில் இன்னொரு காரியமும் செய்துவிடுங்கள். சமையல் எரிவாயு சிலிண்டரின் மேல்வளையத்தைத் தாங்கும் பட்டைகளில் ஒன்றின் உட்புறம் ஏ, பி, சி, டி என ஒரு ஆங்கில எழுத்தும் இரண்டு இலக்கமும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி ஏப்ரல் முதல் ஜூன், இப்படி நான்கு காலாண்டு. இலக்கம் வருடம். சிலிண்டரை மறுபடி சோதிக்க வேண்டிய கெடு அது. கெடு தாண்டியிருந்தால் வாங்க வேண்டாம். வீட்டுக்கு வருகிற குறிகளில் உயிரோடு சம்பந்தப்பட்டது இதுதான், அலங்காரமே இல்லாமல் உள்பக்கம் ஒளிந்திருக்கிறது.

ஐந்தாம் படி: பார்ப்பவர் யார்

குறியை இட்டவர் ஒருவர், பார்க்கிறவர் வேறொருவர். இருவர் மனசிலும் ஒரே அர்த்தம் ஓடினால்தான் குறி வேலை செய்யும். இதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த உதாரணம் ஒரு தேள்.

இந்தியாவில் புகையிலைப் பொருள்களின் மேல் எச்சரிக்கைப் படம் 2009 மே 31 முதல் கட்டாயம் ஆனது. சிகரெட், பீடிக்கு நுரையீரல். மெல்லும் புகையிலைக்குத் தேள். தேள் கொட்டும், விஷம், ஆகவே ஆபத்து என்பது வரைந்தவர் கணக்கு. காகிதத்தில் பார்த்தால் நியாயமான கணக்குத்தான்.

இப்போது அந்தப் பொட்டலத்தை ஊர்க் கடையில் தொங்கவிட்டுப் பாருங்கள். நம் ஊரில் படம்தான் பெயர். தீப்பெட்டி, பீடி, மூக்குப்பொடி, ஊதுபத்தி, அரிசி மூட்டை எதுவானாலும் எழுத்துத் தெரியாதவரும் கேட்டு வாங்க வசதியாக மேலே மயிலோ குதிரையோ சாவியோ இருக்கும். "மயில் மார்க் குடுங்க" என்றால் போதும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மான்செஸ்டர் துணி வியாபாரிகள்கூட இந்தியாவுக்கு அனுப்பிய துணியில் சாமி படமும் யானையும் போட்ட வண்ணச் சீட்டுகளை ஒட்டித்தான் விற்றார்கள். இப்படி நூறு வருடமாகப் படத்தைப் பெயராகவே படித்துப் பழகிய கண்ணுக்கு, புகையிலைப் பொட்டலத்தின் மேலிருக்கும் தேள் என்னவாகத் தெரியும்? "தேள் மார்க்" என்றுதான். சுள்ளென்று ஏறும் சரக்கு என்று பாராட்டாகக்கூட எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொரு கோளாறும் உண்டு. தேள் கொட்டினால் உடனே வலிக்கும், அப்புறம் அடங்கும். புகையிலை செய்வது நேர்மாறு, முதலில் சுகம், வருடங்கள் கழித்துத்தான் நோய். அந்த மெதுவைத் தேளால் காட்ட முடியாது. 2011-ல் தேளை எடுத்துவிட்டு வாய்ப்புற்று வந்தவர்களின் புகைப்படங்களைப் போட்டார்கள். உருவகம் போய் உருவமே வந்தது. 2016 ஏப்ரல் முதல் பொட்டலத்தின் இரு பக்கமும் 85 சதவீதம் எச்சரிக்கைக்கே. அந்தப் படங்களைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்பவர்கள் உண்டு. பிடிக்காமல் இருப்பதற்குத்தான் போட்டிருக்கிறார்கள்.

உங்கள் மேசைக்குத் திரும்புங்கள். ஒவ்வொரு படத்தையும் மூன்று பேர் கண்ணால் பாருங்கள்: எழுத்துத் தெரியாத பாட்டி, வேற்று மாநிலத்திலிருந்து வந்து வேலை செய்யும் தொழிலாளி, நான்கு வயதுக் குழந்தை. குழந்தையின் கண்தான் முக்கியம். ஏன் என்று ஏழாம் படியில் தெரியும்.

ஆறாம் படி: உங்களுக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்

இந்த முறையைப் பழக ஆரம்பித்ததும் எங்கு பார்த்தாலும் ரகசியச் செய்தி தெரிய ஆரம்பிக்கும். கொஞ்சம் நிதானம் வேண்டும். பற்பசை ட்யூபின் அடி விளிம்பில் ஒரு சின்ன நிறக் கட்டம் இருக்கும். பச்சை என்றால் மூலிகை, கறுப்பு என்றால் முழு ரசாயனம் என்று வாட்ஸ்அப்பில் வருடா வருடம் சுற்றும். உண்மையில் அது இயந்திரத்தின் கண்ணுக்கு வைத்த பொட்டு. ட்யூபை எந்தப் பக்கம் திருப்பி, எங்கே மூடி ஒட்டி, எங்கே வெட்ட வேண்டும் என்று சென்சார் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்யும். பின்னணியிலிருந்து பளிச்சென்று பிரிந்து தெரிந்தால் போதும், எந்த நிறமும் ஆகும். அட்டைப்பெட்டியின் மடிப்புக்குள் வரிசையாக இருக்கும் நிறப் பொட்டுகளும் அப்படியே, அவை அச்சு இயந்திரக்காரர் மையின் அளவைப் பார்க்க.

பார்கோடு 890 என்று தொடங்கினால் இந்தியத் தயாரிப்பு என்பதும் இதே ரகம்தான். அந்த எண் வரிசை இந்தியாவில் உள்ள அமைப்பு வழியாக வாங்கியது என்பது மட்டுமே அதன் பொருள். பொருள் எங்கே செய்யப்பட்டது என்று தெரிய லேபிளில் அதற்கென இருக்கும் வரியைப் படிக்க வேண்டும்.

ஏழாம் படி: கண்ணை மூடித் தொட்டுப் பாருங்கள்

படம் மட்டும் பேசுவதில்லை, வடிவமும் பேசும். 100 ரூபாய்ப் புதிய தாளின் ஓரங்களில் நான்கு சாய்கோடுகளும் ஒரு முக்கோணமும் புடைத்திருக்கும். 500-ல் ஐந்து கோடு, ஒரு வட்டம். பார்வை இல்லாதவர் விரலால் படிக்க. விசைப்பலகையில் இரண்டு எழுத்துகளின் மேல் சின்ன மேடு, விரல் வீடு திரும்ப. எவர்சில்வர் டம்ளரின் விளிம்பு வெளியே மடிந்திருப்பது "இங்கே பிடி, சுடாது" என்கிறது.

இப்போது முதல் படியில் சொன்ன எலுமிச்சைக்கு வருவோம். ஒரு பாட்டிலுக்குக் கழுத்து குறுகி, இடுப்பு கைக்கு அடங்கி, திருகு மூடி இருந்தால் அந்த வடிவம் "குடி" என்று சொல்கிறது. எழுத்துப் படிக்காத குழந்தைக்கு அது மட்டும்தான் கேட்கும். மண்ணெண்ணெயையும் தின்னரையும் கழிவறை ஆசிட்டையும் பழைய குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் போகவில்லை. உள்ளே இருப்பது மாறிவிட்டது, பாட்டில் சொல்வது மாறவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரிட்டனில் நஞ்சு விற்ற கண்ணாடிக் குப்பிகளை வேண்டுமென்றே ஆறு பட்டையாக, வரிவரியாகப் புடைத்த மாதிரி, கரு நீலத்திலோ கரும்பச்சையிலோ செய்தார்கள். விளக்கில்லாத ராத்திரியில் மருந்து எடுக்கப் போன கைக்கே "இது வேறு" என்று தெரியட்டும் என்று.

இந்தப் படிக்கான பயிற்சி வாசிப்பு அல்ல, வேலை. அடுப்பங்கரையிலும் குளியலறையிலும் உணவு பாட்டிலில் உணவல்லாதது எது இருந்தாலும் இன்றைக்கே அதற்குரிய டப்பாவுக்கு மாற்றுங்கள். மார்க்கரால் மண்டையோடு வரைந்து வைத்தால் போதாதா என்று கேட்கலாம். நான்கு வயதுக் குழந்தைக்கு மண்டையோடு என்றால் கார்ட்டூனில் வரும் கடற்கொள்ளையன்.

எட்டாம் படி: நீங்களே வரைந்தால்

வீட்டில் ஊறுகாய் போட்டு விற்கிறவர்களும் குழுவாக மாவு அரைக்கிறவர்களும் இப்போது செல்போனிலேயே லேபிள் செய்துகொள்கிறார்கள். செய்து முடித்ததும் மூன்று சோதனை வையுங்கள். முதலில் கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுங்கள், அர்த்தம் நிறத்தில் மட்டும் தொங்குகிறதா என்று தெரியும். அடுத்து கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்குங்கள், கடையின் மேல்தட்டில் அது அப்படித்தான் தெரியும். பிறகு எழுத்தை மறைத்து, தெரியாத ஐந்து பேரிடம் ஐந்து விநாடி காட்டிவிட்டு எடுத்துவிடுங்கள். "நல்லா இருக்கா?" என்று மட்டும் கேட்கக் கூடாது. எல்லோரும் நல்லா இருக்கு என்பார்கள். "இது என்ன? யாருக்கு? கடையில் எந்த இடத்தில் இருக்கும்?" என்று கேளுங்கள்.

மூன்றாவது சோதனையை நான் கற்றுக்கொண்டது நானே சறுக்கிய ஒரு இடத்தில். ஒரு மகளிர் குழுவுக்குச் சத்துமாவு லேபிள். "பாத்தா டாக்டர் சொன்ன மாதிரி நம்பிக்கையா இருக்கணும் தம்பி" என்றார் குழுவின் தலைவி அக்கா. நானும் வெள்ளைப் பின்னணி, ஆகாய நீலப் பட்டை, மேல் மூலையில் ஒரு சிவப்புக் கூட்டல் குறி, அதற்குக் கீழே கேழ்வரகுக் கதிர் இரண்டு என்று அடக்கமாக வரைந்தேன். எனக்கே பிடித்திருந்தது. மூவாயிரம் அடித்தோம். இரண்டு வாரம் கழித்து, மாவு நகரவே இல்லை என்று அக்கா போன் செய்தார். கடைக்குப் போய்ப் பார்த்தேன். அண்ணாச்சி அதைத் தலைவலித் தைலத்துக்கும் ஓஆர்எஸ் பொட்டலத்துக்கும் நடுவில் அடுக்கியிருந்தார்.

"என்ன அண்ணாச்சி, இது சத்துமாவு, இங்க வெச்சிருக்கீங்க?"

"அப்படியா? பேதி நின்னதும் குடுக்குற கஞ்சின்னு நெனச்சேன் தம்பி."

அவரைக் குறை சொல்ல முடியாது. எழுத்தை மூடிவிட்டுப் பார்த்தால் அதுதான் தெரிந்தது. அதைவிடப் பெரிய தப்பு அந்தச் சிவப்புக் கூட்டல் குறி. 1864 ஜெனீவா உடன்படிக்கையில், சுவிட்சர்லாந்துக் கொடியின் நிறங்களைத் தலைகீழாக்கி, போர்க்களத்தில் காயம்பட்டவர்களுக்கு உதவுகிறவர்களைச் சுடக் கூடாது என்று காட்டுவதற்காக இட்ட குறி அது. இந்தியாவில் 1960-ன் ஜெனீவா உடன்படிக்கைகள் சட்டப்படி அதை அனுமதியின்றிப் பயன்படுத்துவது குற்றம். ஊரில் பாதி மருந்துக் கடைப் பலகையிலும் கார்க் கண்ணாடியிலும் இருக்கிறதே என்றால், அவையும் தப்புத்தான். முதலுதவிக்கு உலக அளவில் உள்ள குறி பச்சைச் சதுரத்தில் வெள்ளைக் கூட்டல். இந்த விவரம் லேபிள் வரைகிற எனக்கு மூவாயிரம் அடித்த பிறகுதான் தெரிந்தது என்பதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

இரண்டாவது லேபிளுக்குப் படத்தைச் சொன்னது அக்காதான். "டம்ளர்ல ஆவி பறக்கணும், பக்கத்துல ஒரு கை டம்ளரை நீட்டணும், கையில கண்ணாடி வளையல்." பின்னணிக்குக் கேழ்வரகின் செம்பழுப்பு. ஐந்து பேரிடம் ஐந்து விநாடி காட்டினோம். நான்கு பேர் "காலைக் கஞ்சி" என்றார்கள், ஒருவர் "காபித் தூள்" என்றார். அண்ணாச்சி அதை டீத்தூள் தட்டில் வைத்தார். பரவாயில்லை, காலையில் கை போகிற தட்டு அது.

பழைய லேபிளில் எடுத்து ஒட்டியது போக ஆயிரத்துச் சொச்சம் மிச்சம். பின்பக்கம் வெள்ளையாக இருப்பதால் என் மேசையில் வைத்துக் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.